படிப்பும் வேணும், வீடும் வேணும்: திருமயத்திலிருந்து சில குறிப்புகள்

புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்க மனசு வராதவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறோம், தோழிகளே. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் உண்டு, ஆசைக்காகவே படிப்பவர்களும் உண்டு. வேலையெல்லாம் முடிந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வரவே வராது. படிப்பிலேயே மூழ்கினாலோ வீடு மனத்தாங்கல் கொள்ளும். இரண்டும் கோணாமல் போக எங்கள் பக்கத்தில் கைகொடுக்கிற வழிகள் இவை.

1. கிரைண்டரில் உளுந்து ஓடும் அரைமணி நேரத்தைச் சும்மா விடாதீர்கள். தண்ணீர் தெளிக்கவும் வழித்துவிடவும் அடிக்கடி எழ வேண்டியிருப்பதால் புதுப் பாடம் அதற்கு ஒத்துவராது. ஏற்கெனவே படித்த ஒருவரி விடைகளை எழுதிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

2. கணக்கு மாதிரி மூளையைக் கசக்கும் பாடங்களை வீடு எழுமுன் முடித்துவிடுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியதைப் படுக்கப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். நாலு மணிக்கு எழுகிறவர்கள் ஒன்பதரைக்குள் படுத்துவிட வேண்டும். தூக்கத்தில்தான் படித்தது தங்கும். அதைக் குறைத்தால் மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியதுதான்.

3. வருஷங்கள் மறந்துபோகிறதா? உள்ளூர்க் கணக்கில் கட்டிப்போடுங்கள். நம்ம திருமயம் கோட்டையைச் சேதுபதி மன்னர் கட்டியது 1687. சரியாக 200 வருஷம் கழித்து, 1887ல், இதே திருமயத்தில் பிறந்தார் தீரர் சத்தியமூர்த்தி. அதற்கு முந்தின வருஷம் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948, தனி மாவட்டமானது 1974. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்து இவற்றைக் குறித்து, அஞ்சறைப் பெட்டி இருக்கிற இடத்துக்கு மேலே ஒட்டிவிடுங்கள். 1806 வேலூர்ப் புரட்சி, 1857 சிப்பாய்ப் புரட்சி என்று இடைவெளிகளில் நுழைத்துக்கொண்டே போகலாம். கடுகு வெடிக்கும் நேரத்தில் ஒரு வருஷம் மனசில் ஏறிவிடும்.

4. குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 100 தமிழ்தான். அதற்கு ஆதாரம் பள்ளிப் புத்தகங்கள். கைடு வாங்கக் காசை எடுக்குமுன், பரீட்சை முடிந்த கையோடு தெருப் பிள்ளைகளிடம் ஆறாவது முதல் பத்தாவது வரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழக இணையதளத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்துகிற வகுப்புக்கும் கட்டணம் கிடையாது. அறிவிப்பு வருகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

5. ஒரு பாடத்தைச் சத்தமாகப் படித்து உங்கள் செல்போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். துணி துவைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஓடவிட்டால், கை வேலையைப் பார்க்கும், காது படிக்கும். நம் குரல் என்பதால் அடுத்த வரி தானாக நாக்கில் வரும்.

6. பிள்ளையை வாத்தியாராக்கி, நீங்கள் மாணவியாகுங்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பதில் அவர்களுக்கு அவ்வளவு குஷி. அம்மா படிப்பதால் நம்மைக் கவனிப்பதில்லை என்ற ஏக்கமும் வராது, பிள்ளைக்கும் நாலு விஷயம் தெரியும்.

7. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, காய்ச்சி வைத்த புளிக்கரைசல், உரித்த சின்ன வெங்காயம். இந்த நாலும் ஞாயிற்றுக்கிழமையே தயாராக இருந்தால் வாரம் முழுக்கக் காலையில் அரைமணி நேரம் கையில் நிற்கும். உரிக்கிற வேலையை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து செய்யுங்கள். பேச்சும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

8. 1991, 92ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது நம் மாவட்டத்துப் பெண்கள் பகலெல்லாம் கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கூடி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். தனித்தனியாக இருந்திருந்தால் பாதிப் பேர் அலுத்து நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே மாதிரி தெருவில் படிக்கிற நாலு பேர் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைக்கு ஒருவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும், மற்ற மூவருக்கும் இரண்டு மணி நேரம் நிம்மதியான படிப்பு. கிடைத்த கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டால் ஜெராக்ஸ் செலவும் மிச்சம்.

9. முத்துலட்சுமி ரெட்டி வயசுக்கு வந்தபின் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே படித்து 1902ல் மெட்ரிக் தேறியவர், 1912ல் டாக்டராகிவிட்டார். அவரைப் போல வீட்டிலிருந்தே படிக்க நமக்கும் தனி அறை வேண்டியதில்லை, திண்ணை ஓரமோ ஜன்னலடியோ ஒரே இடமாக இருக்கட்டும். பேனா, நோட்டு, கண்ணாடி மூன்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அங்கேயே வையுங்கள். தேடுகிற நேரம் மிச்சம்.

10. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, தூரத்தில் இருபது விநாடி பாருங்கள், கண் களைக்காது. நமக்கென்ன, மாடிக்குப் போனால் கோட்டையே தெரிகிறது!

11. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் வேண்டாம். விருந்தாளி வந்தால் மூடிவிட்டு எழுந்து வாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் முன்கூட்டியே காலண்டரில் வட்டமிட்டு, அந்த நாள்களை விட்டுவிட்டே படிப்புக்குத் திட்டம் போடுங்கள். அப்போது நல்ல நாளில் படிக்க முடியவில்லையே என்ற மனக்குறை வராது, சொந்தக்காரர்களும் முகம் கோண மாட்டார்கள்.

12. வெளியூர்ச் சுற்றுலாவுக்குச் செலவழிக்குமுன் பக்கத்தையே பாருங்கள். சித்தன்னவாசல் சமணர் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, நம்மூரில் ஒரே பாறையில் பெருமாளுக்கும் சிவனுக்கும் குடைந்த கோயில்கள் எல்லாமே பாடத்தில் வருகிறவை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினால், பிள்ளைகளுக்கு ஊர்சுற்றல், உங்களுக்குத் திருப்புதல்.

13. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் இல்லை. அந்தக் காசை உண்டியலில் போட்டு, பழைய பேப்பர் விற்ற பணத்தையும் சேர்த்தால் புத்தகத் திருவிழாவுக்குத் தனியாகக் கை நீட்ட வேண்டாம். ஆனால் வாங்குமுன் நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேர்த்த நூல்களால்தான் ஞானாலயா நூலகமே உருவானது. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ஆசை இருந்தால் வீட்டில் சண்டைக்கு இடமேது? உங்கள் வீட்டுக்காரரையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

14. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளைப் பேப்பரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே மாவை ஆட்டி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டால், டிவி, மிக்ஸி சத்தம் எதுவும் இல்லாத அந்தப் பகலில் திண்ணை வெளிச்சத்தில் முழு மாதிரித் தேர்வு ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குத்தான் பருப்புப் பொடி இருக்கிறதே.