கார்ட் வண்டியும் வளைவும்

கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியை 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் முதன்முதலில் உருவாக்கினார்.

இதன் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. எனவே சமமாகவே சுழலும். ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் செல்லும் வட்டம் பெரிது, உட்சக்கரத்தின் வட்டம் சிறிது. சுற்றளவுக் கணக்குப் படித்த மாணவியருக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். உட்பக்கப் பின்சக்கரம் தரையினின்று சற்றே எழும்பினால்தான் வண்டி தடையின்றித் திரும்பும். இல்லையேல் டயர் தரையில் உரசி வேகத்தைக் குறைக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புகையில் உட்பக்க முன்சக்கரம் கீழ்நோக்கி அழுந்துமாறு அமைப்பது இதற்காகவே.

பல கார்ட்டுகளில் பிரேக் பின் அச்சில் மட்டுமே உண்டு. வளைவின் நடுவே அதை அழுத்தினால் வண்டி சுழன்றுவிடும். ஆதலால் நேர்ப்பாதையிலேயே வேகத்தைத் தணித்து, சீராகத் திருப்பி, பாதை நேரானதும் விரைவதே முறை. சறுக்கிச் செல்வது பார்வைக்கு வேகம். கடிகாரத்திற்கு அது தாமதமே.