தலைக்காயத்துக்குப் பிறகு யார் துணை?

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்டவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார்; ஆனால் ஆளே மாறிவிட்டார். அவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் மருத்துவமனைக்கு வெளியே என்ன ஆதரவு உண்டு?

பதில்: மூளைக்காயத்தில் கண்ணுக்குத் தெரியாத பாதிப்புதான் குடும்பத்தை அதிகம் அலைக்கழிக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் அடிபட்டால் கோபத்தை அடக்குவது, வேலையைத் தொடங்கி முடிப்பது, தன் குறையைத் தானே உணர்வது எல்லாம் தடுமாறும். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். குளிக்கச் சொன்னால் கத்துவார். சற்று நேரத்தில் அந்தச் சண்டையே அவருக்கு நினைவிருக்காது, மனைவிக்கு இருக்கும். மூளையின் களைப்பைச் சோம்பேறித்தனம் என்றும், மறதியை நடிப்பு என்றும் சொந்தக்காரர்கள் பேசிவிடுவதும் வழக்கம்.

இதை விளக்காமலே புரிந்துகொள்பவர்கள், இதே பாடுபடும் இன்னொரு வீட்டார். பிரிட்டனில் 1979இல் தொடங்கிய ஹெட்வே அமைப்பு இப்படிக் குடும்பங்கள் கூடியதில் பிறந்தது. மூளைக்காயமடைந்தவர்களுக்கான அமெரிக்காவின் தேசிய அமைப்பை 1980இல் உருவாக்கியவர் மரிலின் ஸ்பிவாக். விபத்தில் மூளைக்காயமடைந்த பெண்ணின் தாய். ஹெட்வே 2017இல் ஓர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. நாக்குழறித் தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று காவலர் நிறுத்தும்போது எடுத்து நீட்ட அது உதவும். அவமானப்பட்டவர்களுக்குத்தான் இப்படியொரு தேவை தோன்றும்.

தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கான ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. பராமரிப்போ வருடக்கணக்கில் நீள்வது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழில்தான் சிக்கல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இல்லை. எந்தத் திறன் பாதிக்கப்பட்டதோ அதன்கீழ்தான் சான்று கேட்க வேண்டும். கைகால் நன்றாக இருந்து நினைவும் நிதானமும் போனவருக்கு இது எளிதில் நடப்பதில்லை. நினைவாற்றல் பரிசோதனை அறிக்கையோடு போவது நல்லது.

அருகில் இத்தகைய குடும்பங்களின் ஆதரவுக் குழு இல்லையென்றால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாக, சம்மதிக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தாலே போதும். மாதம் ஒரு சந்திப்பு. இடம் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ. அதிக இரைச்சலும் கூட்டமும் காயமடைந்தவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. பராமரிப்பவர்கள் தனியாக உட்கார்ந்து பேசுவதும் அவசியம். காயமடைந்தவர் எதிரிலேயே அவரைப் பற்றிய சலிப்பைக் கொட்ட முடியாது. கூட்டத்தைவிடப் பெரிய உதவி, வாரத்தில் ஒரு மதியம் வேறொருவர் வந்து பார்த்துக்கொள்வது. பராமரிப்பவருக்குத் தூக்கமும் தன் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையும்தான் முதலில் தவறிப்போகின்றன. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பவரிடம் நாளும் நேரமும் குறித்துக் கேட்பதில் தப்பில்லை.

குழு மருத்துவருக்கு மாற்று அல்ல. வலிப்பு, திடீர்த் தலைவலியுடன் வாந்தி, அதிகரிக்கும் மயக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனை போக வேண்டும். காயமடைந்தவரோ பராமரிப்பவரோ சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416இல் அழைக்கலாம், கட்டணம் இல்லை.