சூறாவளிக் காலத்தில் குதிரை, கழுதைகளைப் பாதுகாத்தல்

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுப் பகுதி, கடலும் களப்பும் அணுகிய தாழ்ந்த மணற்பாங்கான நிலமாகும். இங்கு குதிரை வளர்ப்போர் சிலரே. எனினும் புத்தளம், கற்பிட்டி, மன்னார் ஆகிய இடங்களில் கழுதைகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதை யாவரும் அறிவர். குதிரையும் கழுதையும் ஓரினத்தைச் சார்ந்தவை. ஆகையால் கீழ்க்கண்ட முறைகள் இரண்டிற்கும் பொருந்தும்.

சூறாவளியின் இயல்பு

இலங்கையைத் தாக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவிலிருந்து வருகின்றன. கிழக்குக் கரையில் ஏறும் புயல் மேற்குக் கரையை எட்டாது என்று எண்ணுதல் தவறு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் பாழாக்கிய சூறாவளி, தீவைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, தமிழ்நாட்டின் இராமநாதபுரக் கரையையும் தாக்கியது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயலே தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பரில் 'புரெவி'யும் கிழக்கே கரையேறி மன்னார் வளைகுடாவை அடைந்தது.

சூறாவளிக் காற்று நமது பகுதியில் இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. புயல் கிழக்கிலிருந்து நெருங்கும்போது மேற்குக் கரையில் முதலில் வடக்குத் திசைக் காற்று வீசும். புயல் வடக்கே கடந்து சென்றால் காற்று மேற்குக்கும் பின்னர் தென்மேற்குக்கும் திரும்பும். அப்பொழுது கடல் நீர் கரைமேல் ஏறும் அபாயம் உண்டு. புயலின் மையம் நேரே கடக்குமாயின் இடையில் காற்று ஓய்ந்து, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கடுமையாக வீசும். இந்த ஓய்வைப் புயலின் முடிவெனக் கருதி விலங்குகளைத் தேடி வெளியே செல்லுதல் உயிராபத்தாகும்.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

1. மாரி தொடங்குமுன் எல்லா விலங்குகளுக்கும் தலைக்கயிறு பூட்டி மனிதருடன் நடந்து வரப் பழக்குதல் வேண்டும். பழகாத விலங்கைக் காற்று வீசும் வேளையில் பிடித்தல் இயலாது.

2. குதிரையினம் ஏற்புவலி நோய்க்கு மிக எளிதில் இரையாகும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெற்றுத் தடுப்பூசி இடுவித்தல் நன்று.

3. மேடான இடமொன்றை முன்கூட்டியே தெரிந்து, அதன் உரிமையாளரிடம் இசைவு பெற்றுவைத்தல் வேண்டும். எழுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடக்கும் தாம்போதி பெருமழையில் நீரில் மூழ்குவது வழக்கம். இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், கரையோரத்தில் மழை ஓய்ந்த பின்னரும் வெள்ளம் வந்து சேரும். ஆதலால் இடமாற்றத்தை ஒரு நாள் முன்னதாகவே முடித்தல் வேண்டும். காற்று வலுத்தபின் புறப்படலாகாது.

4. மூன்று நாட்களுக்கான நீரும் தீனும் சேமித்தல் வேண்டும். கழுதையொன்றிற்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 லீற்றர் நீரும், மட்டக்குதிரைக்கு 20 முதல் 30 லீற்றர் நீரும் தேவைப்படலாம். 150 கிலோ எடையுள்ள கழுதைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ உலர்தீன் போதும். பீப்பாய்களை மூடி, தீனை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தல் வேண்டும்.

கொட்டகையா, வெளியா?

உறுதியான கற்சுவரும் நன்கு பிணைத்த கூரையும் உள்ள கட்டிடம் மேட்டில் இருப்பின் விலங்குகளை அதில் வைக்கலாம். கிடுகுக் கொட்டகையும் தகரக் கூரையும் அத்தகையன அல்ல. பெயர்ந்து பறக்கும் தகரம் வாள் போல வெட்டும். அவ்வாறான இடங்களில், தென்னை, பனை, மின்கம்பி, முட்கம்பி வேலி ஆகியவற்றிற்கு எட்டத்தில் உள்ள மேடான திறந்த வெளியே மேலானது. குதிரை இயல்பாகவே காற்றுக்குப் பின்புறத்தைத் திருப்பி நின்றுகொள்ளும்.

கழுதையின் உரோமம் மழைநீரைத் தடுக்கும் தன்மையில் குறைந்தது. நீண்ட நேரம் நனைந்தால் அது குளிரால் துன்புறும். எனவே காற்றைத் தடுக்கும் உறுதியான சுவரின் மறைவு அதற்கு இன்றியமையாதது. இணைபிரியாது திரியும் கழுதைகளைப் பிரித்து வைத்தலும் ஆகாது. கவலையால் தீன் மறுக்கும் கழுதையின் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து ஈரல் பழுதடையும். சில நாட்களில் இறக்கவும் கூடும்.

எந்த விலங்கையும் கட்டி வைத்துவிட்டுச் செல்லலாகாது. கட்டுண்ட விலங்கு வெள்ளத்திலிருந்து தப்ப இயலாது. உரிமையாளரின் தொலைபேசி எண்ணை அழியாத மையால் உடலில் எழுதிவிடுதல், கட்டாக்காலியாகத் திரிந்தாலும் மீட்க உதவும்.

புயலுக்குப் பின்

முதலில் அறுந்த மின்கம்பி, ஆணி, தகரத் துண்டு ஆகியவற்றை அகற்றிய பின்னரே விலங்குகளை மேயவிடுதல் வேண்டும். முறிந்து விழுந்த அலரிக் கிளைகளை உடனே அப்புறப்படுத்துக. அலரி இலை பச்சையாயினும் உலர்ந்ததாயினும் நஞ்சாகும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் நனைந்த தவிடும் வயிற்றுவலியை உண்டாக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லாமையால் இவ்வலி பெருந்தீங்காகும்.

காயங்களைக் கொதித்தாறிய நீரில் கழுவுதல் வேண்டும். ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்புச் சேர்க்கலாம். குளம்பில் ஆணி ஏறியிருப்பின், காயம் சிறிதெனினும் வைத்தியரை நாடுதல் வேண்டும். சேற்றில் நின்ற குளம்புகளை நாள்தோறும் துப்புரவு செய்யாவிடின் அழுகல் தோன்றும்.

கடல்நீர் புகுந்த கிணற்றை மீண்டும் மீண்டும் இறைத்து வற்றச் செய்யலாகாது. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் இவ்வாறே பல கிணறுகள் மேலும் கெட்டன. மழைநீர் ஊறி உவர் குறையும் வரை சேமித்த நீரையே கொடுத்தல் நன்று.

கழுதையும் குதிரையும் பேணத்தக்க செல்வமே; ஆயினும் மனித உயிர் அவற்றினும் அரியது. வெளியேறுமாறு அறிவித்தல் வந்ததும், விலங்குகளை மேட்டில் அவிழ்த்துவிட்டுக் குடும்பத்தார் அனைவரும் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களை வானொலியில் இடைவிடாது கேட்டுவருக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணை வீட்டில் எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். வானம் தெளிந்திருக்கும் நாளிற் செய்த ஆயத்தமே புயல் நாளிற் கைகொடுக்கும்.