வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

குடும்ப நல நீதிமன்றத்துக்கு முதல் தடவை வருகிறவர்களை வராந்தாவிலேயே அடையாளம் தெரிந்துவிடும். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் கல்யாணப் பத்திரிகை, ஆல்பத்திலிருந்து உருவிய இரண்டு போட்டோ, பேங்க் பாஸ்புக். பக்கத்தில் துணைக்கு ஒரு சொந்தக்காரர். வக்கீலிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆகும்?" இரண்டாவது, "எவ்வளவு செலவாகும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வராந்தாவில் நடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நீங்கள் எனக்கு மட்டும் வக்கீலா?" மணமுறிவு வழக்கில் வக்கீலின் விசுவாசம் இரண்டு பக்கம் இழுபட்டால், நஷ்டம் முழுக்க உங்களுக்குத்தான். அந்த இழுப்பு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், இரண்டு பேருக்கும் நல்லது நினைப்பவர் என்று வேண்டியவர்கள் வழியாகவே வருகிறது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

புதிதாகப் படியேறும் தம்பி, தங்கச்சிகளுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை.

1. கதையைச் சொல்லும் முன் பெயர்களைச் சொல்லுங்கள்.

இது என் தவறிலிருந்து நான் கற்றது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் என் ஆபீஸுக்கு வந்து முக்கால் மணி நேரம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தது, நகையை அடகு வைத்தது, குழந்தையைப் பிரித்து வைத்தது எல்லாம். கடைசியில்தான் கணவர் பெயரையும் கடைப் பெயரையும் கேட்டேன். அவருடைய கூட்டு வியாபார ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தவளே நான். பேனாவை மூடிவிட்டு, "அம்மா, இந்த வழக்கை நான் எடுக்கக் கூடாது" என்றேன். அவள் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. அத்தனை வேதனையையும் வேறொருவர் முன் அவள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று முதல் என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. வந்து போனவர்களின் பெயர், ஊர், எதிர்த்தரப்பு. யார் வந்தாலும் முதலில் நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் பேச்சு. உங்கள் வக்கீல் இப்படிச் செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யலாம். உட்கார்ந்ததும் கணவன் அல்லது மனைவி பெயர், மாமனார் பெயர், தொழில், எதிர்த்தரப்பு வக்கீல் தெரிந்தால் அவர் பெயர் இவற்றை மட்டும் சொல்லி, "இவர்கள் யாருக்காவது நீங்கள் ஆலோசனை சொன்னதுண்டா?" என்று கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்த பிறகு பையைத் திறவுங்கள்.

2. கேட்கக் கூச்சப்படாதீர்கள். சொல்வது வக்கீலின் கடமை.

"அவரைப் போய் இப்படிக் கேட்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 14-வது விதி, வழக்கை எடுக்கும்போதும் நடத்தும்போதும் வழக்கின் தரப்பினரோடு தனக்குள்ள தொடர்பையும், வழக்கில் தனக்குள்ள அக்கறையையும் வக்கீல் ஒளிக்காமல் தம் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒரு பக்கத்துக்கு ஆலோசனை சொன்னவர், மனு எழுதியவர், ஆஜரானவர் அதே விஷயத்தில் மறுபக்கத்துக்கு ஆஜராகக் கூடாது என்பது 33-வது விதி. நீங்கள் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது. நல்ல வக்கீல் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

3. 'நம்ம குடும்ப வக்கீல்' யாருடைய குடும்பத்துக்கு வக்கீல்?

வீட்டுப் பத்திரம் எழுதியவர், கடை வாடகை வழக்கை நடத்தியவர், பத்து வருஷமாகப் பொங்கலுக்கு வந்து போகிறவர். இருவருக்கும் தெரிந்தவர்தான். ஆனால் அவர் கையில் இருக்கும் காகிதங்களை எண்ணிப் பாருங்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கணவரின் கடைக் கணக்கை அறிந்த வக்கீல், மனைவிக்காக அந்தக் கணக்கைக் குடைந்தால் ஒருவரின் நம்பிக்கையைக் கெடுக்கிறார். குடையாமல் விட்டால் மற்றவரைக் கைவிடுகிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

4. சித்தப்பா வக்கீலாக இருந்தால் சித்தப்பாவாகவே இருக்கட்டும்.

சொந்தத்தில் வக்கீல் இருந்தால் பீஸ் மிச்சம், அக்கறை அதிகம் என்று நினைக்கிறோம். ஆனால் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது அவர் அங்கே இருந்திருப்பார். எத்தனை பவுன் போட்டது என்று அவருக்குத் தெரியும். சண்டை வந்தபோது இரு வீட்டுக்கும் நடந்து சமாதானம் பேசியவரும் அவராக இருக்கலாம். நாளைக்குச் சீதன விவகாரம் கோர்ட்டுக்கு வந்தால் அவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர். சாட்சி ஆக நேரிடும் என்று தெரிந்த வழக்கை வக்கீல் எடுக்கக் கூடாது என்பது 13-வது விதி. அவரை வக்கீலாக வைத்தால் நல்ல சாட்சியை இழப்பீர்கள். போதாததற்கு, உங்கள் குடும்பத்து மானத்தைக் காப்பதா, உங்கள் வாழ்க்கையைக் காப்பதா என்ற இழுபறியும் அவர் மனசில் இருக்கும்.

5. மியூச்சுவல் என்றாலும் ஆளுக்கொரு வக்கீல்.

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "ரெண்டு பேரும் சம்மதம்தானே, ஒரே வக்கீல் போதும், செலவு பாதி." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மனு கூட்டு மனுதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஜீவனாம்சம், சீதனம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும்.

ஒரு நாள் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இங்கிலீஷில் டைப் அடித்த மனு. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?" என்றாள். படித்தேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் ஒரு வரி: சீதனப் பொருள்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டதாகவும், இனி எக்காலத்திலும் ஜீவனாம்சம் கோரப்போவதில்லை என்றும். "நகையெல்லாம் வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். "இல்லக்கா, மாமியார் பீரோவுலதான் இருக்கு." மனுவை எழுதியவர் கணவருக்குத் தெரிந்த வக்கீல். அவர் வஞ்சகம் செய்ததாக நான் நினைக்கவில்லை. கணவர் சொன்னதை எழுதினார். அவள் சார்பில் சொல்ல அந்த அறையில் ஆளில்லை. வேறொரு வக்கீலிடம் காட்டச் சொன்னேன். அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில், முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை கோர்ட்டில் சொல்வதற்கும் நடுவே 6 மாத இடைவெளி வைத்திருப்பது யோசிப்பதற்காகத்தான். தகுந்த வழக்குகளில் கோர்ட் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த அவகாசம் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். 1991-ல் தீர்ப்பான சுரேஷ்டா தேவி வழக்கில், மிரட்டிச் சம்மதம் வாங்கினார்கள், சொந்தக்காரர்களைக் கலந்து பேசக்கூட விடவில்லை என்றார் மனைவி. தீர்ப்பு வரும்வரை சம்மதம் நிலைத்திருக்க வேண்டும், அதற்குள் ஒருவர் அதைத் திரும்பப் பெறலாம் என்றது உச்ச நீதிமன்றம். அப்படிச் சம்மதம் முறிந்தால், இருவருக்கும் மனு எழுதிய வக்கீல் யாருக்கும் உதவ முடியாது. தனி வக்கீல் வைக்க முடியாவிட்டால், கையெழுத்துக்கு முன் ஒரு தடவையாவது வேறொரு வக்கீலிடம் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேளுங்கள்.

6. பீஸ் கட்டுபவர் எஜமான் இல்லை.

அப்பா பணம் கட்டுவார், அண்ணன் கட்டுவார். சில இடங்களில் மனைவியின் வக்கீலுக்கும் கணவரே கட்டுவார். யார் கட்டினாலும், கட்சிக்காரரும் அவர் அதிகாரம் கொடுத்தவரும் தவிர வேறொருவர் சொல்படி வக்கீல் நடக்கக் கூடாது; இது 19-வது விதி. அப்பா 'விடாதே, பார்த்துவிடலாம்' என்பார். உங்களுக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும். ஒரு தடவையாவது வக்கீலைத் தனியாகச் சந்தியுங்கள். துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்ல அஞ்சாதீர்கள். நீங்கள் வக்கீலிடம் தொழில் முறையில் சொன்னதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. முன்பு 126-வது பிரிவு, புதிய சட்டத்தில் 132-வது பிரிவு. உண்மையைச் சொல்ல உங்களுக்கு அந்தத் தனிமை வேண்டும்.

7. தம்பிகளே, அம்மா அப்பாவோடு ஒரே வக்காலத்தா என்று யோசியுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போடும்போது கணவரோடு அவருடைய பெற்றோரையும் சேர்ப்பதுண்டு. உடனே மூவருக்கும் ஒரே வக்கீல். ஆனால் வீடு அப்பா பெயரில் இருக்கும். மருமகள் குடியிருந்த வீடு மாமனாருக்குச் சொந்தமானாலும் அவளுக்கு அதில் குடியிருக்கும் உரிமை இருக்கலாம் என்று 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவிக்கு மாற்று வீடு பார்த்துக் கொடுப்பதாக மகன் ஒப்புக்கொண்டால் அப்பாவுக்கு நிம்மதி, மகனுக்குச் செலவு. அப்போது அந்த ஒரு வக்கீல் யாருக்காகப் பேசுவார்? ஆரம்பத்திலேயே இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

8. 'வருகிறதில் இத்தனை சதவீதம்' என்றால் எழுந்து விடுங்கள்.

வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் 20-வது விதி தடுக்கிறது. 2017-ல் சுனிதா எதிர் தெலங்கானா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சதவீதப் பீஸை ஏற்கவில்லை. காரணம் உங்களுக்கும் புரியும். ஜீவனாம்சத் தொகையில் பங்கிருக்கும் வக்கீலுக்கு, சேர்ந்து வாழ வாய்ப்பிருந்தாலும் அது கண்ணில் படாது. குழந்தையை வாரம் இரண்டு நாள் பார்ப்பது உங்களுக்கு உயிர். அதில் அவருக்குச் சதவீதம் கிடையாது. என்னென்ன கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கட்டியதற்கு ரசீது கேளுங்கள்.

9. டீ குடிப்பது துரோகம் ஆகாது.

உங்கள் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் கேண்டீனில் சிரித்துப் பேசுவதைப் பார்த்து நெஞ்சு பதறியவர்கள் உண்டு. சிறிய ஊர் பாரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். அந்த நட்பு இருந்தால் வாய்தா குறையும், சமரசப் பேச்சு சுலபமாகும். கவலைப்பட வேண்டிய உறவு வேறு. இருவரும் கணவன் மனைவியா, அப்பா மகனா, ஒரே ஆபீஸில் சீனியர் ஜூனியரா, உங்கள் வழக்குக் கட்டைப் பார்த்த ஜூனியர் இப்போது எதிர்ப்பக்க ஆபீஸில் சேர்ந்திருக்கிறாரா? இவை உங்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை. சொன்ன பிறகு, தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

10. அந்த 33-வது விதியை ஆயுதமாக எடுக்காதீர்கள்.

ஊரில் பேர் வாங்கிய வக்கீல்களை எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சம் ஆலோசனை கேட்டு வைத்துவிட்டால், மறுபக்கத்துக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவம் வேண்டாம். உங்கள் ரகசியம் பத்துப் பேர் காதில் விழும். எதிரே நிற்பவர் உங்கள் குழந்தையின் அப்பா அல்லது அம்மா. அவருக்கும் நல்ல வக்கீல் கிடைத்தால்தான் வழக்கு நியாயமாகவும் விரைவாகவும் முடியும்.

11. இப்படி ஒரு தொடர்பு நடுவில் தெரிய வந்தால் தயங்காமல் வக்கீலை மாற்றுங்கள்.

முதலில் நேரில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்கிப் புது வக்காலத்துப் போடலாம். அவர் மறுத்தால் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை, 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கொடுக்கும்போதே எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் வையுங்கள். உண்மையிலேயே துரோகம் நடந்திருந்தால், வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவின்படி தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வழக்கில் தோற்ற கோபத்தில் மட்டும் அங்கே போகாதீர்கள்.

12. பணமில்லை என்பதற்காக எதிர்த்தரப்பு வக்கீலிடம் போகாதீர்கள்.

'அவங்க வக்கீலே பார்த்துக்கிறேன்னு சொன்னார்' என்று வரும் பெண்களைக் கண்டால் மனம் கலங்குகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். அங்கே தரப்படும் வக்கீலிடமும் முதல் கேள்வி, "நீங்கள் எனக்கு மட்டும் வக்கீலா?" என்பதுதான்.

எல்லாம் முடிந்து வக்காலத்துப் படிவம் உங்கள் கைக்கு வரும். பெரும்பாலும் எதுவும் நிரப்பாமல், "இங்க ஒரு கையெழுத்து" என்று குமாஸ்தா நீட்டுவார். அவசரப்படாதீர்கள், நிரப்பித் தரச் சொல்லுங்கள். யாருக்காக ஆஜராகிறார் என்று எழுதும் வரியில் விரலை வைத்து ஒரு தடவை வாசியுங்கள். அந்த இடத்தில் உங்கள் பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இருந்தால் பேனாவை எடுங்கள்.