ரோஸ்டரைப் பாருங்கள், பிறகு தட்டைப் பாருங்கள்

கம்பெனி எடுத்த ஆண்டு மருத்துவப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்று சுகர் 108. போன வருடம் 94. டிரைகிளிசரைடு 190. இடுப்பு இரண்டு அங்குலம் பெருத்திருக்கிறது. "அரிசியைக் குறைங்க, தினம் நடங்க" என்கிறார் டாக்டர். நீங்களும் தலையாட்டிவிட்டு எழுந்து வருகிறீர்கள். ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது, ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சு கனக்கிறது என்பதையெல்லாம் அவர் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். சுகர் ஏறியதற்கும் மனம் இறங்கியதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மன அழுத்தம் கூடினால் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை அதிகம் சுரக்கிறது. அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிட்டு, இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகிறது. ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆனால் டெட்லைன் நெருங்கும்போது யாரும் ஓடுவதில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். இறக்கிய சர்க்கரை செலவாகாமல் ரத்தத்திலேயே நிற்கிறது. தூக்கமும் கெட்டால் நிலைமை இன்னும் மோசம். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஒரே வாரத்தில்! பாதிப்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று பாஸ்டனில் நடந்தது. 19 பேரை ஆய்வகத்தில் வைத்து, இரவு வேலைக்காரரின் நேர ஒழுங்கில் வாழச் செய்தார்கள். ஒரு குழு இரவிலும் பகலிலும் சாப்பிட்டது. இன்னொரு குழு அதே இரவு வாழ்க்கையில் பகலில் மட்டும் சாப்பிட்டது. முதல் குழுவுக்குச் சர்க்கரை அளவு ஏறியது, இரண்டாம் குழுவுக்கு ஏறவில்லை. 2022-இல் அதே சோதனையின் மனநிலைக் கணக்கும் வெளியானது. இரவிலும் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற மனநிலை 26 சதவீதமும், பதற்றம் போன்ற மனநிலை 16 சதவீதமும் கூடியிருந்தன. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதிகாலை இரண்டு மணிக்குப் பிரியாணி பொட்டலத்தைப் பிரிக்கும் எவரும் ஒரு நிமிடம் யோசிக்க இது போதும்.

ஆகவே முழுச் சாப்பாட்டை லாகின் செய்யும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு முதல் ஆறு மணி வரை பசித்தால் சுண்டல், மோர், அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்ட டீ எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது. அவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் அது பதற்றமாக மட்டுமல்ல, சுகர் இறங்கியதாகவும் இருக்கலாம். முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

தட்டை மட்டும் திருத்தினால் போதும் என்று நான் நம்பவில்லை. லண்டன் அரசு அலுவலர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடரும் வைட்ஹால் ஆய்வு, வேலை அழுத்தத்தை வெறும் வேலைப் பளுவாகப் பார்க்கவில்லை. பளு அதிகம், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை குறைவு, கைகொடுக்கச் சக ஊழியர் இல்லை என்ற மூன்றும் சேர்ந்த நிலையை அளந்தது. 14 ஆண்டுகளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இந்த நிலையில் இருந்தவர்களுக்கு, அழுத்தமே இல்லாதவர்களைவிட வளர்சிதை மாற்றக் கோளாறு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சுகர், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று தவறினால் அந்தக் கோளாறு. இதை ஊழியரின் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் கம்பெனிகள் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. கேன்டீனில் சாலட் வைப்பது நல்லது. வாரா வாரம் மாறும் ரோஸ்டரைக் கடைசி நேரத்தில் அனுப்பிவிட்டு சாலட் வைப்பது போதாது.

எனவே உங்கள் டீம் லீடரிடம் (டி.எல்) கேட்க வேண்டியது வேலை நேரத்தின் மீது கொஞ்சம் பிடிமானம். "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று தொடங்கினால் பேச்சு ஆறுதலோடு முடிந்துவிடும். "ரோஸ்டரை ரெண்டு வாரம் முன்னாடி குடுத்தா என் தூக்கத்தை ஒழுங்குபண்ணிக்க முடியும், தப்பும் குறையும்" என்று கேளுங்கள். ஒரு ஷிஃப்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 11 மணி நேர இடைவெளி கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தினசரி 11 மணி நேரத் தொடர் ஓய்வு சட்டமாகவே இருக்கிறது. உங்கள் கிளையன்ட் அங்கே இருந்தால் இந்த வாதம் எச்.ஆருக்கு உடனே புரியும். நோயின் பெயரை டி.எல்லிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, தேவையை மட்டும் சொன்னால் போதும். கேட்டதையும் கிடைத்த பதிலையும் அன்றைக்கே ஒரு சிறிய மெயிலாக அனுப்பி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். 5.7 முதல் 6.4 சதவீதம் வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். இடுப்பளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 வரம்பு. சோர்வும் மனத்தளர்ச்சியும் நீடித்தால் தைராய்டையும் பி12-ஐயும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மனநல மருந்துகளில் சில, குறிப்பாக ஓலன்சபைன், எடையையும் சுகரையும் ஏற்றக்கூடியவை. அதற்காக மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து. எடை, இடுப்பு, சுகர், கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும் மூன்று மாதத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டா என்றும் கேளுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் பாலிசியில் அந்தப் பகுதியை எடுத்துப் படியுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

நீங்களே டி.எல் என்றால், இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காலண்டரைத் திறந்து, இரவு அணிக்குக் காலை 11 மணிக்கு வைத்திருக்கும் மீட்டிங் எதுவானாலும் அதை அவர்கள் லாகின் செய்த பிறகு வரும் முதல் மணி நேரத்துக்கு நகர்த்துங்கள். காலை 11 மணி அவர்களுக்கு நடு ராத்திரி.