செய்தித் துறையில் மகளிர்

காரைக்கால் அம்மையார் பிறந்த மண்ணில் பிறந்தவள் நான். செய்தியாளராக விரும்புகிறேன் என்றதும், "இராத்திரி வேலை பெண்ணுக்கு ஆகுமா?" என்றார் அப்பா.

பள்ளி சென்றறியாத வை. மு. கோதைநாயகி அம்மாள், தாம் சொல்லத் தோழி எழுதக் கதை படைத்தார். 1925-இல் 'ஜகன்மோகினி'யின் ஆசிரியையாகி, ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதனை நடத்தினார். அது அவருடைய சொந்த ஏடு. பிறர் நடத்தும் அலுவலகத்தில் பெண்ணுக்குக் காப்பு எது?

10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடமெங்கும் பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதியேனும் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் பாதிப் பெண்கள் வேண்டுமாயின், முதலில் அலுவலகத்தில் பெண்கள் வேண்டுமன்றோ?

கையொப்பம் மட்டுமே அறிந்த அப்பாவிடம் இதனைப் படித்துக் காட்டினேன். "நீ வேலைக்குப் போய்விட்டால், உன் செய்தியை எனக்கு யார் படித்துக் காட்டுவது?" என்றார். அதைச் சம்மதமென்றே கொண்டேன்.