மிசிசிப்பி மணல்திட்டில் கூடாரம்: புறப்படும் முன் பார்க்க வேண்டிய குறிப்புகள்

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இல்லினாய் ஆகிய நான்கு மாநிலங்களையும் தொட்டுக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றோடு 261 மைல் நீளத்துக்கு ஒரு சரணாலயம் கிடக்கிறது. மேல் மிசிசிப்பி தேசிய வனவிலங்கு மற்றும் மீன் சரணாலயம் என்று பெயர். 1924-ல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். வாத்துக்கும் அன்னத்துக்கும் மீனுக்கும் ஒதுக்கிய பொதுநிலம்தான். ஆனாலும் அதன் தீவுகளிலும் மணல்திட்டுகளிலும் நாம் கட்டணமின்றி, முன்பதிவின்றிக் கூடாரம் போட்டுத் தங்கலாம். பதிலுக்கு அங்கே குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, விளக்கு இல்லை. பெரும்பாலான திட்டுகளுக்குப் படகில்தான் போக முடியும் என்பதால், மறந்துபோன தீப்பெட்டியை எடுத்து வரவே அரை நாள் போய்விடும். மினியாபொலிஸ், சிகாகோ பக்கம் இருப்பவர்கள் வாரக் கடைசியில் போய்வர நல்ல இடம். வேலை முக்கால்வாசி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

1. கிளம்பும் முன் வானிலையைப் பார்ப்பவர்கள் ஆற்று மட்டத்தைப் பார்ப்பதில்லை. இங்கே இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் தங்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே எங்கோ மூன்று நாள் முன்பு பெய்த மழை அன்று ராத்திரி வந்து சேரும். அமெரிக்க வானிலைத் துறை ஆற்றோரம் பல ஊர்களுக்கு ஆற்று மட்டத்தையும் அடுத்த சில நாள் கணிப்பையும் இணையத்தில் போடுகிறது. மட்டம் ஏறுமுகம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தாழ்வான திட்டுகள் முழுசாக மறைந்தே போகும்.

2. திட்டில் இறங்கியதும் கூடாரத்தை விரிக்காதீர்கள். ஒரு சுற்று நடந்து பாருங்கள். காய்ந்த சுள்ளி, சருகு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே கோடாக ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் கடைசியாக வந்து நின்ற இடம் அது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இடம் பாருங்கள். பிறகு தண்ணீர் தொடும் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சமைக்கும்போது ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை பார்த்தால், ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே சாமானை மேலே ஏற்றுங்கள். நடு ராத்திரியில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

3. இந்த ஆறு சரக்குப் போக்குவரத்துப் பாதையும்கூட. ஒரே தள்ளுபடகு 15 பார்ஜுகள் (சரக்குத் தெப்பங்கள்) வரை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும். மொத்த நீளம் ஏறக்குறைய 1,200 அடி. வழியிலுள்ள லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகள்) பெரும்பாலும் 600 அடிதான் என்பதால் பாதி பாதியாகப் பிரித்துத்தான் கடக்க முடிகிறது. அப்படி ஒன்று கடக்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் பின்வாங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலையாகத் திரும்பி வரும். சிறு படகைக் கழற்றிக்கொண்டு போக அந்த அலை போதும். அதனால் படகின் மூக்கை மட்டும் மணலில் ஏற்றிவிட்டு வராதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு கயிறு கட்டுங்கள். செருப்பு, ஐஸ்பெட்டி, நாற்காலி எதுவும் ஓரத்தில் இருக்கக் கூடாது. தீவில் படகைத் தொலைத்தால் அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

4. கூடாரத்தோடு வரும் முளைகள் மணலில் நிற்காது. காற்று ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் துணிப்பைகளை, மஞ்சள் பையானாலும் சரி, ஆளுக்கு இரண்டு என்று எடுத்துப்போங்கள். பையில் முக்கால் பாகம் மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதையுங்கள். கயிற்றின் மறுமுனையைச் சாய்வாக மேலே கொண்டுவந்து கூடாரத்தில் கட்டுங்கள். குழியை மூடிக் காலால் மிதித்து, ஈர மணலாக்க ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். கடையில் இதற்கென்றே விற்கும் அகல முளைகளைவிட இது உறுதி, செலவும் இல்லை.

5. நிழலுக்கு ஆசைப்பட்டு காட்டன்வுட், சில்வர் மேப்பிள் மரங்களுக்கு அடியில் படுக்காதீர்கள். இரண்டும் கிளை முறிக்கும் ஜாதி. பட்ட கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். இடி கேட்டால் திறந்த மணல்வெளியும் தனி மரத்தடியும் இரண்டுமே ஆபத்து. கறுத்த மேகம் தெரியும்போதே கரையேறி காருக்குள் போய்விடுவதுதான் நல்லது.

6. குடிதண்ணீரைக் கொண்டு போங்கள். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், சமையலையும் சேர்த்து. ஆற்றுத் தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் கிருமி சாகும் என்பது சரிதான். ஆனால் சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். அங்கிருந்து வடியும் உரமும் மருந்தும் கொதித்தால் போகாது. புறப்படுவதற்கு முந்தைய இரவே பாதி பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துவிட்டால், ஐஸ் தனியாக வாங்க வேண்டாம். உருகிய பிறகு அதையே குடிக்கலாம். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெடித்துவிடும்.

7. இந்தச் சரணாலயத்தின் நிலத்தில் கண்ணாடிப் பாட்டில்களுக்குத் தடை. நம் வீட்டில் இது முதலில் மாட்டுவது ஊறுகாயில்தான், அடுத்தது நெய். சின்ன எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் கூடாரம் போடும் அவசரத்தில் அடுப்பு மூட்ட வேண்டாம். மறுநாளைக்கு வறுத்த ரவையில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து பொட்டலமாக வைத்திருந்தால், கொதிநீர் மட்டும் போதும், உப்புமா ஆகிவிடும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், கெட்டுவிடும்.

8. ரக்கூன் என்ற விலங்குக்குக் கைவிரல் உண்டு. ஐஸ்பெட்டியின் கொக்கியைத் திறக்கும், ஜிப்பையும் இழுக்கும். பெட்டியைச் சுற்றி இழுவைக் கயிறு போட்டு இறுக்குங்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள், பிள்ளைகளின் பையில் இருக்கும் முறுக்குப் பொட்டலம் உட்பட.

9. விறகு. வீட்டுக் கொல்லையிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பச்சை வண்டு ஒன்று 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது மாநிலம் மாநிலமாகப் பரவ, மக்கள் காரில் ஏற்றிப்போன விறகு பெரிய காரணம். தீவில் தரையில் விழுந்து கிடக்கும் காய்ந்த கட்டை போதும். நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது, பட்ட மரமானாலும்.

முக்கியமான இன்னொன்று: நெருப்பை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே பார்த்தால் அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் வேறு யார் வீட்டுக் குழந்தையோ அதை மிதிக்கும். பக்கத்திலேயே ஆறு. வாளி வாளியாக ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை விடாதீர்கள்.

10. கூச்சத்தால் யாரும் கேட்காத விஷயம் கழிப்பறை. காட்டில் பொதுவாகச் சொல்வது: தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, அரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழி தோண்டி மூடு என்று. இங்கே பல திட்டுகளின் மொத்த அகலமே அவ்வளவு இருக்காது. ஈர மணலில் எதுவும் சீக்கிரம் மக்கவும் செய்யாது. அடுத்த வெள்ளத்தில் ஆற்றுக்குத்தான் போகும். எனவே மூடியுள்ள 5 காலன் வாளி, கெட்டியான பைகள், பூனைக்குப் போடும் மண் கொஞ்சம் எடுத்துப்போய், எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருவதே யோக்கியமான வழி. கட்ட ஒரு பழைய போர்வையும் நான்கு கம்பும் இருந்தால் மறைப்பு ரெடி. கூட வரும் பெண்கள் மனசார வாழ்த்துவார்கள்.

11. பாத்திரத்தை ஆற்றில் முக்கிக் கழுவ வேண்டாம். ஈர மணல் போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், சோப்பு அநேகமாகத் தேவைப்படாது. கழுவிய தண்ணீரை வடிகட்டி, சோற்றுப் பருக்கையைக் குப்பைப் பையில் போடுங்கள்.

12. கொசுவை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள், உண்ணியைத்தான் மறந்துவிடுகிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் முன்கூட்டியே தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்தலாம். தோலில் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தினமும் மாலையில் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி என்று தேடுங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, நெருப்பைக் காட்டுவது எல்லாம் வேண்டாத வேலை.

ஜூன், ஜூலையில் மேஃப்ளை என்னும் பூச்சி ஆற்றிலிருந்து ஈசல் மாதிரி கிளம்பும். லா கிராஸ் ஊர் வானிலை ரேடாரில் மேகம் போலத் தெரியும் அளவுக்குக் கூட்டம். கடிக்காது, ஆனால் வெளிச்சத்தைத் தேடி வந்து குழம்பில் விழும். அந்த ராத்திரிகளில் விளக்கைக் கூடாரத்தைவிட்டுத் தள்ளி வைத்துவிட்டு, பொழுது சாயும் முன் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

13. ஒரே காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளம்: விஷக்கொடி, தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மரத்தில் ரோமத்தோடு படரும் அந்தக் கொடி ஒட்டிய கட்டையை நெருப்பில் போட்டால் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். நிழலான இடங்களில் செந்தட்டி மாதிரி அரிக்கும் செடியும் உண்டு. வீட்டில் அரைக்கால் சட்டையோடு திரிபவர்களுக்கும் ஒரு முழுப் பேன்ட் எடுத்து வையுங்கள்.

14. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். கப்பல் பாதையை 9 அடி ஆழத்துக்கு வைத்திருக்க ராணுவப் பொறியாளர் படை ஆற்றைத் தூர்வாருகிறது. நாம் தங்கும் பல வெண்மணல் கரைகள் அப்படி அள்ளிக் கொட்டிய மணல்தான். அதனால் கரை கடற்கரை போலப் படிப்படியாக இறங்காது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் குழந்தைக்கு அடுத்த அடியில் கால் எட்டாது. ஓட்டமும் அங்கேதான் வேகம். தண்ணீரில் கால் வைப்பதென்றால் உயிர்காப்புச் சட்டை, அதில் கட்டிய ஒரு விசில். படகில் ஆளுக்கொன்று இருப்பது சட்டம். ரப்பர் செருப்பும் வேண்டும், வரிச்சிப்பிகளின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும்.

15. கைபேசி சிக்னல் திட்டுக்குத் திட்டு மாறும். கிடைத்தாலும் 911-ல் எந்த இடம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கரையில் ஆங்காங்கே பலகைகளில் எண் இருக்கும். ஒஹையோ நதி வந்து கலக்கும் கெய்ரோவிலிருந்து எத்தனையாவது மைல் என்பது அது. போகும்போதே பக்கத்துப் பலகையின் எண்ணைப் பார்த்து, தீவு எந்தக் கரைப்பக்கம் என்பதையும் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எல்லோர் சட்டைப்பையிலும் போடுங்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

16. ஒரே இடத்தில் 30 நாளில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஆளில்லாமல் கூடாரத்தை மட்டும் நட்டு இடம் பிடித்து வைப்பதும் செல்லாது. இலையுதிர் காலத்தில் வாத்து வேட்டை தொடங்கியதும், பறவைகளுக்கென்று மூடிய பகுதிகளில் தங்கத் தடை. வேறு சில இடங்களிலும் கட்டுப்பாடு உண்டு. சரணாலய அலுவலகம் தரும் வரைபடத்தைக் கையோடு வைத்திருங்கள். கழுகுக் கூடோ, மொத்தமாக இறங்கியிருக்கும் வாத்துக் கூட்டமோ தெரிந்தால் படகை அந்தப் பக்கம் விடாதீர்கள். வலசைப் பயணத்துக்குச் சேர்த்து வைக்கும் தெம்பை ஒவ்வொரு முறை பறந்தெழும்போதும் வாத்துகள் செலவழிக்கின்றன.

17. மயிலிறகைப் பொறுக்கிப் புத்தகத்தில் வைத்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே மணலில் கிடக்கும் கழுகு இறகை எடுத்து வைத்துக்கொண்டால் குற்றம். மற்ற காட்டுப் பறவைகளுக்கும் பெரும்பாலும் அதே சட்டம்தான். பிள்ளைகளுக்குப் படம் எடுத்துக் கொடுங்கள்.

18. இரண்டு கரையிலும் சரக்கு ரயில் ராத்திரி முழுக்க ஓடும், ஹாரனும் அடிக்கும். காதடைப்பான் மறக்க வேண்டாம். ஏகாந்தம் தேடி வருபவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

19. கரையேறியதும் படகின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்து, ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். வேறு ஏரிக்கு அவை போகாமலிருக்க அங்குள்ள சட்டம் அப்படி. வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை அன்றே விரித்துக் காயவிடுங்கள், ஒரு நாள் சுருட்டி வைத்தாலே பூஞ்சை நாற்றம் ஏறிவிடும். ஜிப்பில் சிக்கிய மணலைப் பழைய டூத்பிரஷால் தட்டி எடுத்து, மெழுகுவர்த்தியை ஜிப்பின் பற்களில் லேசாகத் தேய்த்து வையுங்கள்.